ஆங்கிலம் அறிவோம்: 'பாரோ', 'லெண்ட்'

கடன் வாங்குதல், கடன் கொடுத்தல் ஆகிய இரண்டிலும் தமிழில் 'கடன்' என்னும் ஒரே சொல் வருகிறது. ஆங்கிலத்திலோ வாங்குவதற்குப் 'பாரோ', கொடுப்பதற்கு 'லெண்ட்' எனத் தனித்தனி வினைச்சொற்கள் உள. இவற்றை நாம் மாற்றி வழங்குதல் கூடாது.

'ஐ வில் பாரோ 1,000 ரிங்கிட் ஃபிரம் தி பேங்க்': நான் வங்கியிடம் கடன் வாங்குவேன்.

'தி பேங்க் வில் லெண்ட் 1,000 ரிங்கிட் டு மீ': வங்கி எனக்குக் கடன் கொடுக்கும்.

முன்னதில் 'ஃபிரம்', பின்னதில் 'டு' வருதலைக் கவனிக்க.

கடன் பாரத்தில் 'பாரோவர்' என்றிருப்பின், அவரே கடனாளி. 'கேரண்டார்' என்னுமிடத்தில் கையொப்பமிடுபவர் வெறும் சாட்சி அல்லர். கடனாளி தவறினால் தாமே செலுத்தக் கடமைப்பட்ட பிணையாளர். நண்பருக்காகவே ஆயினும், சொல்லின் பொருளை அறிந்த பின்னரே நாம் பேனாவை எடுப்போமாக.