கைப்பேசியால் நிலம் அளக்கலாமா? எண் வரும் வழியை அறிவோம்

விவசாயிகள் பலர் இன்று கைப்பேசியைக் கையில் பிடித்து, வரப்பைச் சுற்றி நடந்து, வயலின் பரப்பை அளக்கிறார்கள். உழவுக் கூலி பேசவும், மருந்தின் அளவைக் கணக்கிடவும் இது உதவுகிறது. ஆனால் திரையில் தோன்றும் எண்ணை நம்பி எல்லைக் கல்லை நகர்த்தலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதை அறிய, அந்த எண் வானிலிருந்து திரைக்கு வந்து சேரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானிலிருந்து வருவது

ஜி.பி.எஸ். அமெரிக்க நாட்டின் ஏற்பாடு. இது 1995-இல் முழு அளவில் செயல்படத் தொடங்கியது. இதன் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, நம் நாட்டின் நாவிக் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலை மூலம் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வருகிறது. வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். எனவே இடத்தை அறிய மூன்று செயற்கைக்கோள்கள் போதா. கருவியின் கடிகாரப் பிழையை நீக்க நான்காவது ஒன்றும் தேவை.

ஏற்பி பேசும் மொழி

இந்த அலைகளை வாங்கிக் கணக்கிடும் சிறிய சில்லுக்கு ஏற்பி என்று பெயர். இது பொதுவாக நொடிக்கு ஒரு முறை, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, கணக்கில் சேர்ந்த செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வரிவரியாக வெளியிடுகிறது. என்.எம்.இ.ஏ. என்பது இதற்கான பொது மொழி. சில நிறுவனங்களின் ஏற்பிகள் தங்களுக்கென்று தனி மொழியும் வைத்துள்ளன.

கெர்னலின் வேலை

ஏற்பி தரும் வரிகள் நேராகத் திரைக்கு வருவதில்லை. இடையில் இயங்குதளம் இருக்கிறது. அதன் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பதே அச்சொல்லின் பொருள்.

ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்து, முறை வைத்து நீர் விடும் நீர்க்கட்டியைப் போன்றது கெர்னல். ஆளாளுக்கு மடையைத் திறந்தால் நீர் வீணாகும், சண்டையும் வரும். அதுபோல ஒவ்வொரு செயலியும் தானே ஏற்பியைக் கையாளப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும்.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று எண்ணற்ற கருவிகளில் இயங்குகிறது. நெடுங்காலம் இதில் ஏற்பிக்கென்று தனி இடம் இல்லை. பல ஏற்பிகள் வெறும் தொடர்முனைக் கருவிகளாகவே கருதப்பட்டன. எந்த முனையில் ஏற்பி உள்ளது, அது என்ன மொழி பேசுகிறது, அதற்கு மின்சாரம் எப்போது தருவது என்பதையெல்லாம் மேலே இயங்கும் நிரல்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2018 அக்டோபரில் வெளியான 4.19-ஆம் பதிப்பில் ஏற்பிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. இதனால் கிடைத்த நன்மைகள் மூன்று.

1. ஏற்பிக்கு ஜி.என்.எஸ்.எஸ்.0 என்பது போன்ற தனிப் பெயர் கிடைக்கிறது. நிரல் முனைமுனையாகத் தேட வேண்டியதில்லை.

2. ஏற்பி எந்த மொழி வகையைச் சேர்ந்தது என்ற குறிப்பும் உடன் கிடைக்கிறது.

3. நிரல் கேட்கும்போது ஏற்பிக்கு மின்சாரம் தரவும், வேலை முடிந்ததும் அதை ஓய்வில் வைக்கவும் கெர்னலே ஏற்பாடு செய்ய முடிகிறது. மின்கலத்தில் ஓடும் கருவிகளுக்கு இது பெரிய சிக்கனம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் லினக்ஸ் கெர்னலே உள்ளது. எனினும் பல கைப்பேசிகளில், சில்லு செய்த நிறுவனம் அமைத்த தனி வழியிலேயே இந்த வரிகள் வருகின்றன. வழி எதுவானாலும், அடுத்து வரும் செய்தி பொருந்தும்.

கெர்னல் செய்யாத வேலை

நீர்க்கட்டி நீரைத் திறந்துவிடுவார். கலங்கிய நீரைத் தெளிய வைக்க மாட்டார். லினக்ஸின் இந்தப் பிரிவும் ஏற்பி தந்த வரிகளை மாற்றாமல் அப்படியே மேலே அனுப்புகிறது. என்.எம்.இ.ஏ. வரிகளின் இறுதியில் வரும் சரிபார்ப்பு எண், வரி வழியில் சிதைந்ததா என்பதை மட்டுமே காட்டும். இடம் சரியா என்பதை அது காட்டாது. தென்னந்தோப்பிலோ சுவர் ஓரத்திலோ அலை மோதித் திரும்பி வந்தால், தவறான இடமும் குறையில்லாத வரியாகவே திரைக்கு வந்து சேரும்.

எவ்வளவு பிசகும்?

திறந்த வெளியில் கைப்பேசி காட்டும் இடம் பொதுவாக 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். சதுரமான 10 சென்ட் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 20 மீட்டர். ஒரு பக்கத்து எல்லை 2 மீட்டர் விலகினால் 40 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சென்ட் கூடும் அல்லது குறையும். பத்தில் ஒரு பங்கு போய்விட்டது! அதே 2 மீட்டர் ஒரு ஏக்கர் சதுர நிலத்தில் சுமார் 3 சென்ட் தான். நூற்றில் மூன்று பங்கு. எனவே நிலம் சிறியதாக இருந்தால் எச்சரிக்கை அதிகம் தேவை.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். எல்லா மூலைகளும் ஒரே திசையில் விலகினால் பரப்பு சரியாகவே வரும். ஆனால் படத்தில் உங்கள் வயல் பக்கத்து வயலுக்குள் நுழைந்திருக்கும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. திறந்த வெளியில் நின்று, செயலியைத் திறந்து, எண் நிலைப்படும் வரை சில நிமிடங்கள் காத்திருக்கவும்.

2. துல்லியம் எத்தனை மீட்டர் என்று திரையில் பார்க்கவும். ஆண்ட்ராய்டில் அந்த எண், மூன்றில் இரண்டு முறை பிழை அதற்குள் அடங்கும் என்பதையே குறிக்கிறது. மூன்றாவது முறை அதைத் தாண்டலாம்.

3. மரநிழலையும் கட்டிட ஓரத்தையும் தவிர்த்து, வரப்பின் மேல் நிதானமாக நடக்கவும்.

4. வெவ்வேறு வேளைகளில் மூன்று முறை அளந்து, சராசரி எடுக்கவும்.

5. ஒரு பக்கத்தையாவது நாடாவால் அளந்து ஒப்பிடவும்.

உழவு, விதை, உரம், மருந்து ஆகிய கணக்குகளுக்கு இவ்வாறு கிடைக்கும் அளவு போதும். எல்லைத் தகராறு, பாகப்பிரிவினை, கிரயம் ஆகியவற்றுக்குப் போதாது. அதற்கு நில அளவையரும் புலப்படமும்தான் வழி. ஆர்.டி.கே. எனும் முறையில், இடம் அறிந்த நிலையத்திலிருந்து திருத்தம் பெற்றுச் சென்டிமீட்டர் அளவில் இடம் காணும் ஏற்பிகளும் உள்ளன. ஆனால் சட்டப்படி எல்லையைக் காட்டும் உரிமை நில அளவையருக்கே உண்டு.

கைப்பேசி காட்டும் எண்ணை வேலைக் கணக்குக்குப் பயன்படுத்துங்கள். எல்லைக் கல்லை மட்டும் அதைக் கொண்டு அசைக்காதீர்கள்.