சத்தமில்லாத செயின்

கம்மாபுரம் ரோட்டில் ஒரு பக்கம் போனால் விருத்தாசலம். மறுபக்கம் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, கடைசியில் பரங்கிப்பேட்டைக் கடல். இந்த ரோட்டோரத்தில் நாற்பது வருஷமாகச் சைக்கிள் வேலை பார்க்கிறேன். முன்னெல்லாம் பால் கேன் கட்டின சைக்கிளும், மல்லாட்டை மூட்டை ஏற்றின சைக்கிளும், பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளும்தான் வரும். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒல்லி டயர் போட்ட கியர் சைக்கிளில் பிள்ளைகள் வருகிறார்கள். நெய்வேலியில் கிளம்பி வீராணம் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். "பெரியப்பா, ரொம்ப நாள் உழைக்கணும், சத்தமும் வரக்கூடாது. எந்தச் செயின் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

ஒரு கம்பெனி பேரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் ஒரே பெட்டியில் வந்த ஒரே செயின் ஒரு பிள்ளைக்கு வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் ஓடுகிறது, இன்னொரு பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் கரகரவென்று அழுகிறது. இரண்டையும் என் கையால்தான் மாட்டினேன். அதனால் பேரைச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. தம்பி, பாப்பா, யாராக இருந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்.

1. கடைக்குப் போகும் முன் பழைய செயினை அள.

ஒரு அடி இரும்பு ஸ்கேல் போதும். அங்குலக் கோடு தெளிவாக இருக்க வேண்டும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பெடலைக் கையால் லேசாக முன்னுக்கு அழுத்தி, மேல்பக்கச் செயினை விறைப்பாக வைத்துக்கொள். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வை. செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இன்று ஓடுகிற ஏறக்குறைய எல்லாச் சைக்கிள் செயினுக்கும் இதே அளவுதான். ஆகவே இருபத்து நான்காவது இடைவெளி முடிகிற பின்னின் நடு, 12 அங்குலக் கோட்டின் மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் உன் செயினுக்கு இன்னும் வயசாகவில்லை, சத்தத்துக்குக் காரணம் வேறு. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, ஒன்றரை மில்லிமீட்டர் போலத் தாண்டி நின்றால் மாற்றிவிடு. எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் நாள் கடந்துவிட்டது, பின்னால் உள்ள பல்லையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு கியருக்கு முதல் அளவிலேயே மாற்றுவது நல்லது. எட்டு கியர் கனமான செயின், இன்னும் கொஞ்ச தூரம் பொறுக்கும். அளப்பதற்கென்றே சின்னத் தகடு ஒன்று விற்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் ஸ்கேல் வைத்து ஒரு தடவையாவது உன் கண்ணால் பார். அப்போதுதான் தேய்மானம் என்றால் என்ன என்று மனசில் பதியும்.

2. செயின் நீள்வதில்லை, தேய்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம்.

"செயின் இழுத்துப்போச்சு" என்று நாங்களே சொல்லிப் பழகிவிட்டோம். தகடு இழுபடுவதில்லை. ரோலருக்குள் பின் திரும்புகிற இடம் தேய்ந்து, அங்கே ஆட்டம் வருகிறது. நான் மேலே சொன்ன முதல் அளவு வரும்போது ஒவ்வொரு கண்ணியிலும் தேய்ந்திருப்பது சுமார் 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமயிர்க் கனம். நூற்றுப் பத்துக் கண்ணிக்கு மேல் இருப்பதால் அந்த மயிர்க் கனமெல்லாம் சேர்ந்து கூடிவிடுகிறது. ரோலர் பல்லின் பள்ளத்தில் உட்காராமல் மேட்டில் ஏறுகிறது, அங்கேதான் சத்தம் பிறக்கிறது.

ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் 1880இல் இன்றைக்கு ஓடுகிற மாதிரி ரோலர் செயினை உருவாக்கினார். பல்லின் மேல் உரசாமல் உருண்டு போகட்டும் என்றுதான் ரோலர் இருக்கிறது. அந்த உருளல் நின்று உரசல் தொடங்கினால் எவ்வளவு விலை கொடுத்த செயினும் பழைய இரும்புதான். உள்ளே மண் போகாமல் காப்பாற்று. வெளிப்பக்கம் பளபளவென்று இருப்பது கண்ணுக்கு மட்டும்.

3. பின்னால் எத்தனை பல்வட்டம் என்று எண்ணு. அந்த எண்ணைச் சொல்லி வாங்கு.

பின் சக்கரத்தில் எட்டு வட்டம் இருந்தால் எட்டு கியர் செயின். அதன் வெளி அகலம் ஏறக்குறைய 7.1 மில்லிமீட்டர். பத்துக்கு 6 மில்லிமீட்டருக்குப் பக்கம், பதினொன்றுக்கு ஐந்தரை. வட்டம் கூடக் கூட இடைவெளி குறைகிறது, செயினும் மெலிகிறது. அகலம் கூடின செயினை நெருக்கமான வட்டத்தில் போட்டால் பக்கத்துப் பல்லில் உரசி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வரும். கியரில்லாத சாதாரணச் சைக்கிள் செயின் இன்னும் அகலம், அதை ரோடு சைக்கிளுக்கு யோசிக்கவே யோசிக்காதே. ஆறு, ஏழு, எட்டு வட்டத்துக்கு ஒரே செயின் பொதுவாக ஒத்துவரும்.

ஸ்ராம் கம்பெனியின் பன்னிரண்டு கியர் ரோடு சைக்கிளில் மேல்விளிம்பு தட்டையான செயின் வருகிறது. அதில் ரோலரே பெரிசு. அதற்கு அந்த வகைச் செயின்தான் போட வேண்டும். சிமானோவின் பதினொரு கியர் செயினில் எழுத்து உள்ள பக்கம் வெளியே தெரிய வேண்டும். மாட்டும் முன் பார்த்துக்கொள்.

கம்பெனி என்று கேட்டால், சிமானோ, தைவானின் கேஎம்சி இரண்டும் நம்பி வாங்கலாம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் போலி என்று வைத்துக்கொள். ஒவ்வொரு கம்பெனியிலும் நடு விலையில் ஒரு செயின் இருக்கும், நான் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். உச்ச விலைச் செயினில் பின்னைக் குடைந்து, தகட்டில் ஓட்டை போட்டு எடையைக் குறைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போகிற உனக்கு அந்த முப்பது நாற்பது கிராம் எதற்கு?

4. புதுச் செயினைப் பழைய பல்லில் போடாதே.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு உறுத்துகிறது. பல வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். அளந்தேன், செயின் நன்றாகத் தேய்ந்திருந்தது. பின்னால் கேசட்டின், அதாவது பல்வட்டத் தொகுப்பின், பல்லும் சுறா மீனின் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். கையில் காசு குறைவாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டுச் செயினை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது அவன் பெடல் மேல் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். பாரம் விழுந்ததும் செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதி, மோவாய் ரோட்டில். மூன்று தையல். அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து புதுச் செயின் போட்டதும் எல்லாக் கியரிலும், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தி, தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியைக் கொடுக்கிறேன். நீயும் கடையை விட்டு வெளியே வரும் முன் அதைச் செய்யச் சொல்லிக் கேள். வெட்கப்படாதே. செயினை நேரத்தோடு மாற்றினால் ஒரு கேசட் இரண்டு மூன்று செயினுக்குத் தாங்கும். கேசட் விலையைக் கேட்டுப் பார், செயின் ஏன் முதலில் போக வேண்டியது என்று புரியும்.

5. நம் ஊருக்கு ஏற்றதாக எடு.

நெய்வேலிச் சுரங்கப் பக்கம் போகும் ரோட்டில் நிலக்கரித் தூசி, சாம்பல் லாரி. அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், லாரி ஏறி உதிரட்டும் என்று. அதன் மேல் ஓட்டினால் கொடி, கியர் மாற்றுகிற டீரெய்லரின் குட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், பொட்டும் தூசியும் எண்ணெயோடு கலந்து செயினுக்குள் அரைக்கும். உளுந்து பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. அடுத்தவன் விளைச்சல் அது, உன் செயினுக்கும் நல்லது. பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் போனால் உப்புக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் மழை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பல நாள் என் கடையில் செயினும் துருவுமாகத்தான் இருந்தது.

ஆகவே நிக்கல் பூசின செயின் நம் பக்கத்துக்கு நல்லது. துருவைத் தள்ளிப்போடும். ஆனால் பூச்சு துருவைத்தான் தடுக்கும், தேய்வைத் தடுப்பது உள்ளே இருக்கிற பின்னின் கடினம், எஃகின் தரம். நம் ரோடு போய் முடிகிற பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்தார். 1839இல் மாங்கனீஸ் சேர்த்து நல்ல எஃகு வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதும் அவர்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஒரு பின் தேயாமல் நிற்பதற்குப் பின்னால் எத்தனை பேர் உலையில் வெந்திருக்கிறார்கள்!

6. சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகு. எல்லாச் சத்தமும் செயின் சத்தமில்லை.

குருவி மாதிரிக் கீச் கீச் என்றால் எண்ணெய் வறண்டுவிட்டது. மணல் அரைப்பது போலக் கரகர என்றால் உள்ளே மண். செயின் ஒரு முழுச் சுற்று வர ஒரு முறை டொக் என்றால் எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்று, குட்டிச் சக்கரத்தைத் தாண்டும்போது அந்தக் கண்ணி மட்டும் மடங்கியபடியே எகிறும். இரண்டு கட்டை விரலால் பக்கவாட்டில் லேசாக வளைத்துவிட்டால் இளகும். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் சரசரவென்றால் டீரெய்லர் ஒயரின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும், செயினைக் குறை சொல்லாதே. முன்னால் பெரிய பல், பின்னாலும் பெரிய பல் என்று போட்டு ஓட்டினால் செயின் கோணலாக ஓடி முனகும். அது ஓட்டுகிறவன் கையில்.

7. நீளத்தை எண்ணி வெட்டு.

பெட்டியில் பெரும்பாலும் 116 கண்ணி வரும். உன் சைக்கிளுக்கு அதைவிடக் குறைவாகத் தேவைப்படலாம். பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு அளவெடுக்காதே, தேய்ந்த செயின் புதுசைவிட நீளம். கண்ணியை எண்ணு. பழைய செயின் கையில் இல்லையென்றால், டீரெய்லர் வழியாகப் போகாமல் முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றிப் பிடித்து, சேருகிற இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டு. குட்டையாக வெட்டிவிட்டால் சரிசெய்வது தொல்லை என்பதால் இரண்டு தடவை எண்ணிவிட்டு வெட்டு.

8. எண்ணெய் துளிக் கணக்கு.

புதுச் செயினில் கம்பெனி கிரீஸ் இருக்கும். அதைப் பெட்ரோலில் கழுவாதே. வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு ஓட்டு. சிலர் மெழுகில் முக்குகிறார்கள். அதற்கு மட்டும் கிரீஸை முழுக்கக் கழற்ற வேண்டும். உலர்ந்த நாளில் மெழுகுச் செயின் அவ்வளவு அமைதி, தூசியும் ஒட்டாது, நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மழைக்குப் பிறகு மறுபடி முக்க வேண்டும், மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரடி நெருப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். தொடங்குகிற பிள்ளைக்கு எண்ணெயே போதும்.

அந்த எண்ணெயும் செயினுக்கென்று விற்கிற எண்ணெய். பைக்கில் வடித்த கருப்பு இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதில் ஏற்கெனவே இரும்புத் தூள் மிதக்கிறது. தேங்காய் எண்ணெயும் செயினுக்கு வேண்டாம். கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில், ஒரு ரோலருக்கு ஒரு துளி. ஒரு சுற்று முடியும்வரை பொறுமையாக வை. பெடலைப் பத்துத் தடவை பின்னோக்கிச் சுற்று. ராத்திரி அப்படியே விட்டுவிடு, எண்ணெய் உள்ளே இறங்கட்டும். காலையில் பழைய வேட்டித் துணியால் செயினை இறுக்கிப் பிடித்துச் சுற்றித் துடை. விரலால் தொட்டால் கை கருக்காத அளவுக்குத் துடை. வெளியே நிற்கிற எண்ணெய் தூசியைக் கூப்பிடும், வேறொரு பிரயோஜனமும் இல்லை.

மழையில் நனைந்து வந்த அன்றைக்குச் சாப்பிடுவதற்கு முன்னால் செயினைத் துடைத்துவிடு. மறுநாள் என்றால் துரு பூத்திருக்கும்.

9. வெட்டி மிஞ்சின கண்ணியைத் தூக்கிப்போடாதே.

நாலு கண்ணியும், இரண்டு முனையைச் சேர்க்கிற, உன் செயினுக்குப் பொருந்துகிற செயின் லாக் ஒரு ஜோடியும் பாலிதீன் உறையில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் வை. எந்தக் கியருக்கு உள்ள லாக் என்று பேனாவால் எழுதிவை, பத்து கியர் லாக் பதினொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. பதினொன்று, பன்னிரண்டு கியர் லாக்கை எத்தனை தடவை கழற்றி மாட்டலாம் என்பதைக் கம்பெனிக் குறிப்பில் பார், அதற்கு மேல் நம்பாதே. மாட்டிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் அதே உறையில் எழுதிக்கொள். வீராணம் கரையில் வெயில் ஏறின நேரத்தில் செயின் அறுந்தால் நிழலுக்கும் வழியில்லை, கடைக்கும் வழியில்லை. அந்த உறையும் ஒரு சின்னச் செயின் கட்டரும் இருந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி மிதிக்கலாம்.