நான்கு நிமிட ஆட்டத்துக்குச் சில வார்த்தைகள்

கண்ணு, மாரியம்மன் பண்டிகை மேடையில் அலாரிப்பு ஆடப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நான்கைந்து நிமிட உருப்படிதானே என்று இருந்துவிடாதே. வர்ணத்தில் ஓரிடத்தில் தடுமாறினால் அடுத்த இடத்தில் தூக்கி நிறுத்திவிடலாம். சின்ன உருப்படியில் அதற்கு இடம் கிடையாது. கெங்கவல்லியிலும் ஆத்தூரிலும் தலைமுறை கடந்து பிள்ளைகளுக்குத் தட்டுக்கழி தட்டிய உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. சலங்கை கட்டுவதற்கு முன்னால் காலப்பிரமாணத்தைப் பிடி. உட்கார்ந்து, கையில் தாளம் போட்டு, வாயால் சொல்லைச் சொல். உன் அலாரிப்பு திஸ்ரம், மும்மூன்றாக ஓடும். எடுத்த வேகம் கடைசித் தீர்மானம் வரை மாறக் கூடாது. எங்கள் வாத்தியார் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். திரும்பி வரும்போது அவர் விரல் எண்ணும் தாளத்தில் எங்கள் சொல் வந்து விழ வேண்டும். ஓடியிருந்தால் திட்ட மாட்டார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லிவிட்டு மறுபடி கொல்லைக்குப் போய்விடுவார். பதறாத காரியம் சிதறாது என்பதை அந்தத் திண்ணையில்தான் படித்தோம்.

2. கைதட்டலுக்கு வேகத்தைக் கொடுக்காதே. உனக்கு முன்னால் சினிமாப் பாட்டுக்கு ஆடியிருப்பார்கள், விசில் பறந்திருக்கும். ஒரு வருஷம் எங்கள் பிள்ளை ஆடும்போது பக்கத்துத் தெருவில் உறுமி மேளம் வேறொரு நடையில் கிளம்பிவிட்டது. அவள் கண்ணை நட்டுவனார் வாயிலிருந்து எடுக்கவே இல்லை. உறுமி பாட்டுக்கு உறுமி போனது, அவள் பாட்டுக்கு அவள் முடித்தாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பத்து வயது இருக்குமா?

3. சுருதி உன் வசதிக்காக இல்லை, பாடுகிறவர் குரலுக்காக. ஐந்து கட்டையோ ஐந்தரையோ, அவர் சொன்னதுதான். அலாரிப்புக்கு ராகம் கட்டாயமில்லை என்பதால் சுருதியும் வேண்டாம் என்று அர்த்தமாகாது. சொல்லும் தம்புராவில் ஒட்டித்தான் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மிருதங்கத் தோல் முறுகிச் சுருதி ஏறிவிடும், இரவு ஈரக்காற்றில் இறங்கிவிடும். வாசிப்பவருக்கு அதைச் சேர்க்க நேரம் வேண்டும். நீ தாமதமாக வந்தால் திருடுவது அவருடைய நேரத்தை. முதலில் வந்து, வணக்கம் சொல்லி, ஓரமாக உட்கார்.

4. முகத்தில் சிரிப்பை ஒட்டவைக்காதே. அலாரிப்பில் கதை இல்லை, நாயகன் இல்லை. கண், கழுத்து அட்டமி, தோள், கை என்று உடம்பு ஒவ்வொன்றாக விழிக்கிறது. அவ்வளவுதான் அதன் பாவம். பாலசரஸ்வதி அம்மா 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசியபோது, கச்சேரியைக் கோயிலாகவும் அலாரிப்பை அதன் கோபுரமாகவும் சொன்னார். கோபுரத்தடியில் நிற்கிறவளுக்கு என்ன முகம் இருக்குமோ, அது போதும். நாளைக்குத் தில்லானாவுக்கு வருவாய். அப்போது லால்குடி ஜெயராமனின் மோகனகல்யாணியைக் கேள். பாலமுரளிகிருஷ்ணாவின் கதனகுதூகலத்தையும் கேள். இரண்டுக்கும் ஒரே முகத்தோடு நின்றால் காது கேட்கவில்லை என்று பொருள்.

5. இதை மட்டும் நிதானமாகப் படி. அன்னா பாவ்லோவா என்ற ருஷ்ய பாலே நடனக்காரியின் ‘சாகும் அன்னம்’ ஆட்டத்தைத் தேடிப் பார்; பழைய படத்துண்டு இருக்கிறது. அதுவும் சில நிமிட ஆட்டம்தான். இசை, பிரான்ஸைச் சேர்ந்த சான்-சான்ஸ் 1886இல் எழுதியது. ஒரு செல்லோ மெதுவாக இழைய, அடியில் பியானோ தண்ணீர்போல் சலசலக்கும். ஆறு எண்ணிக்கை, மும்மூன்றாகப் பிரியும்; திஸ்ரம் படித்த உனக்கு அந்நியமாக இருக்காது. அவர்கள் ஜி மேஜர் என்பது, நம் கணக்கில் ஐந்து கட்டையில் வைத்த சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். சோகம் என்றால் முகாரி வேண்டும் என்போம். இங்கே சங்கராபரணத்தில் ஒரு பறவை சாகிறது! எழுதியவர் நினைத்தது நீரில் மிதக்கும் அன்னத்தை. சாகவைத்தது ஆட்டம் அமைத்த ஃபோக்கின். பாவ்லோவாவின் காலைப் பார்: விரல் நுனியில் நின்றபடி பொடி அடிகளாக ஓயாமல் துடிக்கும். மேலே கை மட்டும் பாட்டின் நிதானத்தில் அலையும். கால் ஒரு காலத்தில், கை ஒரு காலத்தில். அந்த இடைவெளியில்தான் பாவம் பிறக்கிறது. நீ மூன்றாம் காலத்தில் அடவு போடும்போது உன் முகமும் சேர்ந்து மூச்சிரைக்கிறதே, அதற்காகத்தான் இதைச் சொன்னேன். 1928இல் பம்பாயில் பாவ்லோவாவைப் பார்த்த ருக்மிணி தேவி, பிறகு ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா போகும்போது அவருடன் பழகி, பாலேயும் கற்றுக்கொண்டார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடு என்று பாவ்லோவா தூண்டினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி உட்கார்ந்தது அதற்கப்புறம். ஆகவே அடுத்தவர் ஆட்டம் நமக்கெதற்கு என்று சொல்லாதே.

6. பக்கவாத்தியம் கிடைக்காமல் பென் டிரைவில் ஆட நேர்ந்தால், பழகிய அதே பதிவை எடுத்துப் போ. செல்போனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. மேடை நாளன்று அதைத் தொடாதே. மைக் செட் அண்ணனிடம் முன்னாலேயே ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடு. பாட்டு பாதியில் நின்றுபோனால் அவரை முறைக்காதே. வாயில் சொல் இருக்கிறதல்லவா, அதைச் சொல்லிக்கொண்டே ஆடு.