கட்டுப் போட்ட காதுக்கு முன் உடுப்பைப் பாருங்கள்

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சித்திர பாடம் படிக்கும் பிள்ளைகளிடம் ஓவியர் வான்கோ காதில் கட்டுடன் இருக்கும் படத்தைக் காட்டினால், "பைத்தியம்" என்ற சொல்தான் முதலில் வருகிறது. எனக்கு அது வலிக்கிறது. இந்தப் படத்தை மலையகப் பிள்ளைகளைப் போல வேறு யாராலும் படிக்க முடியாது.

செய்ய வேண்டியவை

• முதலில் உடுப்பு. 1888 டிசம்பர் 23 அன்று காதை வெட்டிக்கொண்டவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி அடுத்த ஜனவரியில் இதை வரைந்தார். வீட்டுக்குள்ளேயே தடித்த கோட், ரோமத் தொப்பி. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்த ஜனவரிக் காலையில், லயக் காம்பராவுக்குள் ஸ்வெட்டரைக் கழற்றாமல் பாடம் படித்த பிள்ளைக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். குளிர் அடிக்கிறது, மனிதர் வேலை செய்கிறார். பின்னால் ஓவியத் தாங்கி தயாராக நிற்கிறது.

• கிட்டப் போய்ப் பூச்சைப் பாருங்கள். தூரிகை இழுத்த தடங்கள் தனித்தனியாக, தடிப்பாகத் தெரியும். நிலைகுலைந்த கையின் தடங்களாக அவை எனக்குத் தோன்றவில்லை.

• கண்ணாடியை மறக்காதீர்கள். வெட்டுப்பட்டது இடது காது. கண்ணாடியில் பார்த்து வரைந்ததால் படத்தில் கட்டு வலது காதில்.

• வேறு படங்களுக்குப் போனால், ஓவியர் மாற்றியதைத் தேடுங்கள். 1669இல், தம் 63ஆம் வயதில், ரெம்ப்ராண்ட் தம்மை முதலில் தூரிகை பிடித்தவராகவே வரைந்தார் என்று எக்ஸ்ரே காட்டியது. பிறகு தூரிகையை அழித்து, கைகளைக் கோத்துவிட்டார். படத்தின் அமைதி அந்தத் திருத்தத்தில் வந்தது. அதே வருடம் இறந்தார்.

• எதனால் செய்தது என்று கேளுங்கள். ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் தேநீர்ப் பையையும் கலைப் பொருளாக்கினார். அங்கே கறையே தோட்டத்துப் பெண்களின் உழைப்பைப் பேசுகிறது.

செய்யக்கூடாதவை

• நீலம் என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்யாதீர்கள். மூடுபனி வெளியூர்க்காரருக்குச் சோகமாகத் தெரியலாம். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவருக்கு அது வழக்கமான காலை.

• "கவலையாக இருக்கிறார்" என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். கவலை எந்த இடத்தில் தெரிகிறது? இமையிலா, வாயோரத்திலா, பின்சுவரின் நிறத்திலா?

• சுயவுருவம் என்றாலே ஒப்புதல் வாக்குமூலம் என்று நம்பாதீர்கள். 1934இல் அம்ரிதா ஷெர்-கில் தம்மைத் தாஹிட்டித் தீவுப் பெண்ணாக வரைந்தார். அந்தத் தீவுப் பெண்களை வரைந்து பெயர் பெற்றவர் கோகன். அம்ரிதா அந்த வேடத்தைத் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டு, நம்மைப் பாராமல் வேறெங்கோ பார்க்கிறார். அவருக்குப் பின்னால் ஓர் ஆணின் நிழல் நிற்கிறது. அந்த நிழலை விட்டுவிட்டு முகத்தை மட்டும் படிக்காதீர்கள்.