கைப்பேசியில் சொன்னாலும் சாட்சியம்தான்

தெலுக் பங்ளிமா காராங்கைத் தாண்டிப் பாலம் ஏறினால் கேரி தீவு. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயர் ஒட்டிக்கொண்ட தீவு. அன்று ரப்பர், இன்று கண்ணுக்கெட்டும் வரை செம்பனை. அங்கே ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். சபீனா, அதாவது சாட்சிக்கான அழைப்பாணை. லாரி ஒன்று மோட்டார் சைக்கிளை இடித்ததைப் பார்த்தவர் அவர். கிள்ளான் நீதிமன்றம் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறது.

"இதுக்கு நேர்ல போகணுமா தம்பி? இவன் கைப்பேசியிலயே சொல்லிடலாங்கிறான். அப்படிச் சொன்னா அது சத்தியத்துல சேருமா?"

மகன் விடவில்லை. "சீரியல்ல பாருங்கண்ணே, லாயர் ஆபீஸ்லயே கேமரா வெச்சு வாக்குமூலம் வாங்கிடுறாங்க. கோர்ட்டுக்கே போறதில்ல."

இருவரும் பாதி சரி, பாதி தப்பு. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இதே கேள்விகளைப் பல முறை கேட்டிருப்பதால் அவற்றுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

நம்பிக்கை: லாயர் ஆபீஸில் வாக்குமூலம் கொடுத்தால் வேலை முடிந்தது.

சீரியல் பொய் சொல்லவில்லை, அது வேறு ஊர்க் கதை. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதி 30, வழக்கு விசாரணைக்கு வருமுன்பே சாட்சியை உட்காரவைத்துச் சத்தியத்தின் பேரில் கேள்வி கேட்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இடம் தருகிறது. நீதிபதி அந்த அறையில் இருக்கமாட்டார். ஒரு சாட்சிக்கு ஒரு நாள், ஏழு மணி நேரம். ஒரு தரப்புக்குப் பத்து முறை. அதற்கு மேல் போக மறுதரப்பின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். எதிராளி மடியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தடவிப் பார்ப்பதுதான் இதில் பாதி நோக்கம்.

மலேசியாவில் அப்படித் தடவிப் பார்க்கும் வழக்கம் இல்லை. இங்கே இருப்பது 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 39ஆம் ஆணை. சாட்சி படுத்த படுக்கையாகிவிட்டார், தள்ளாத வயது, நாட்டை விட்டே போகப்போகிறார் என்பது போன்ற நிலையில், நீதிக்கு அவசியம் என்று பட்டால், அவருடைய சாட்சியத்தை முன்னதாகவே பதிவு செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். நீதிபதியோ பதிவாளரோ நியமிக்கப்பட்ட வேறொருவரோ அதைப் பதிவு செய்வார். வேவு பார்ப்பதற்கல்ல, சாட்சியம் கைநழுவிப் போகாமல் காப்பதற்கு. திடமாக நடமாடும் நம் பெரியவருக்கு இந்த ஏற்பாடு கிடைக்காது.

நம்பிக்கை: ஸூம் விசாரணை கோவிட் காலத்துச் சலுகை, இப்போது செல்லாது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18 அன்று தொடங்கியது. ஏப்ரல் 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இணையவழி விசாரணை ஒன்றை நேரலையாக ஒளிபரப்பியது. அத்தோடு நின்றிருந்தால் சலுகை என்று சொல்லலாம். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 22 முதல் சட்டமே திருத்தப்பட்டது. 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தில் 15ஏ பிரிவு சேர்ந்தது. கீழ்நிலை நீதிமன்றங்களுக்கும் அப்படியே. டிசம்பரில் அந்த 2012 நீதிமன்ற விதிகளில் 33ஏ ஆணை வந்தது. நீதியின் நலன் கருதி, சிவிலோ கிரிமினலோ, தொலைத்தொடர்பு வழியாக வழக்கை நடத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீதிமன்றத்துக்கு என்பதை மகன் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் போடலாம், முடிவு சாட்சியினுடையது அல்ல.

கோவிட்டுக்கு முன்பும் இது இருந்தது. குழந்தைச் சாட்சிகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், குற்றவாளிக் கூண்டில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே நேரலை இணைப்பில் குழந்தை பேச வழி செய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கும் முந்தி. மஹாராஷ்டிர அரசுக்கும் டாக்டர் பிரஃபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில், அமெரிக்காவில் இருந்த மருத்துவரின் சாட்சியத்தைக் காணொளி வழியே பெறலாம் என்று 2003 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. முன்னிலையில் இருப்பது என்றால் உடம்பு அங்கே இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்றது அந்தத் தீர்ப்பு.

நம்பிக்கை: வீட்டில் உட்கார்ந்து செய்யும் சத்தியம் அவ்வளவு கட்டாது.

கட்டும். நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் குற்றவியல் சட்டத்தின் 193ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. சத்தியம் ஆளோடு போகிறது, கட்டடத்தோடு அல்ல. திரை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2020 மே மாதம் ஒரு மலேசியருக்கு அங்கே ஸூம் வழியாகவே மரண தண்டனை வாசிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். அதற்குக் காரணம் ஸூம் அல்ல, சாட்சியத்தில் இருந்த ஓட்டை.

நம்பிக்கை: முகத்துக்கு முகம் பார்த்தால்தான் பொய் பிடிபடும்.

வழக்கறிஞர்கள் பலரே இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கண் தவிக்கிறதா, நெற்றி வியர்க்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாமாம். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொய்யையும் மெய்யையும் மனிதர் சரியாகப் பிரித்தறிவது சராசரியாக 54 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். வியர்க்கும் நெற்றி பொய்யையும் காட்டலாம், ஏர்கோன் கெட்டுப்போனதையும் காட்டலாம்.

திரையின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. கேமரா முகத்தைக் காட்டும், முழங்காலைக் காட்டாது. தோட்டத்து வீட்டின் முன்னறையை நினைத்துப் பாருங்கள். பேரன் ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம், சமையலறை வாசலில் நின்றபடி "அந்தக் கலர் லாரிதானே?" என்று நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொடுக்கும் மருமகள். மேசைக்கடியில் ஒரு காலிடி போதும், சாட்சியம் திசை மாறிவிடும். அதனால்தான் சாட்சி அறையில் தனியாக இருக்கிறாரா, முன்னால் என்ன காகிதம் கிடக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள்; கேமராவைச் சுற்றிக் காட்டவும் சொல்லலாம். பிறகு காகிதம் இருக்கிறது. விபத்து வழக்கென்றால் போலீஸ் வரைந்த வரைபடம், புகைப்படங்கள். "நீங்கள் எங்கே நின்றீர்கள், காட்டுங்கள்" என்றால் கூண்டில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். உள்ளங்கை அகலத் திரையில் அந்தப் படத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் கேள்வியே மறந்துவிடும்.

ஆகவே என் கட்சி இது: வரைபடமும் புகைப்படமும் உள்ள வழக்கில், நடக்க முடிந்தவர் நேரில் போவதே நல்லது. திரை யாருக்கு வரம் என்றால், இதே செம்பனைக் காட்டில் குலை வெட்டிவிட்டு ஒப்பந்தம் முடிந்து வங்காளதேசத்துக்கோ நேப்பாளத்துக்கோ திரும்பிப் போன தொழிலாளிக்கு. முன்பெல்லாம் அவர் விமானம் ஏறினால் அவருடைய சொல்லும் கூடவே ஏறிப் போய்விடும். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. தன் மண்ணில் உட்கார்ந்து வேறு நாட்டு நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்வதை எல்லா நாடுகளும் விரும்புவதில்லை. பிரிட்டனின் தீர்ப்பாயம் ஒன்று 2021இல் இதை வலியுறுத்தியது: சாட்சி இருக்கும் நாட்டுக்கு ஆட்சேபம் இல்லை என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

நம்பிக்கை: மலாய் சரளமாக வராவிட்டால் வாயைத் திறக்கவே முடியாது.

தேசிய மொழிச் சட்டத்தின் 8ஆம் பிரிவை ஒரு தடவை படித்தால் இந்தப் பயம் போய்விடும். நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழியில் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே வரி, சாட்சி சொல்வதை மட்டும் விலக்கிவைத்திருக்கிறது. தமிழில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கேரி தீவின் பூர்வகுடிகளான மா மெரி மக்களுக்கும் அந்த விலக்கு பொருந்தும். திரையில் என்றால் ஒன்று கவனம்: இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். குரலும் குரலும் மோதினால் மொழிபெயர்ப்பாளர் காதில் பாதிதான் விழும். தலையாட்டினால் பதிவில் ஏறாது.

நம்பிக்கை: சத்தியப் பிரமாண ஆணையர் முத்திரை குத்தினால் அது மறுக்க முடியாத ஆதாரம்.

பலருக்குக் கையைச் சுட்டது இந்த நம்பிக்கைதான். 2008 ஜூலை மாதம் நாடே ஒரு பாடம் பார்த்தது. தனியார் துப்பறிவாளர் பி. பாலசுப்ரமணியம் மங்கோலியப் பெண் அல்தாந்துயாவின் கொலை தொடர்பாக ஒரு சத்தியப் பிரமாணத்தை வெளியிட்டார். மறுநாளே அதை மறுக்கும் இன்னொரு பிரமாணம் வந்தது. இரண்டும் அவருடையவை, ஒன்றுக்கொன்று நேர் எதிர். அவர் 2013 மார்ச்சில் இறந்துபோனார். கையெழுத்திட்டவர் இவர்தான் என்பதற்கு முத்திரை சாட்சி, எழுதியது மெய் என்பதற்கு அல்ல.

இதற்கு நேர்மாறான வழக்கும் சிலாங்கூரிலேயே உண்டு. டிங்கில் அருகே புக்கிட் தம்போய் கிராமத்தின் தெமுவான் மக்கள், நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட சுமார் 38 ஏக்கர் நிலத்துக்காக வழக்குப் போட்டார்கள். கையில் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த வாய்மொழி வரலாற்றை ஷா ஆலம் உயர் நீதிமன்றம் ஆதாரமாக ஏற்று 2002இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முத்திரை இல்லாத சொல், ஆனால் குறுக்கு விசாரணைக்கு நின்ற சொல்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர், "அப்ப நேர்லயே போயிடுறேன் தம்பி. கிள்ளானுக்கு வண்டிக் காசுதான்..." என்று இழுத்தார்.

சிவில் வழக்கில் சாட்சியை அழைக்கிறவர்கள் சபீனாவோடு வழிச்செலவும் கொடுத்தாக வேண்டும். கடிதத்தோடு ஏதாவது பணம் தந்தார்களா என்று கேட்டேன். பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன், மூன்று பேர் குடித்த தே தாரிக்குக் காசு கொடுக்க அவசரமாக எழுந்து போனான்.