முகாம் பையில் கொசுக் காப்பு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மாணவர்கள் பலர் முகாமுக்கு ஆயத்தமாவர். மலாக்கா மாநிலத்தில் ஆயர் குரோ காட்டுப் பகுதியும், ஜாசின் மாவட்டத்தில் லேடாங் மலையடிவாரத்தில் அமைந்துள்ள அசகான் நீர்வீழ்ச்சியும் பலரும் நாடிச் செல்லும் இடங்களாகும். துணிமணிகளையும் தின்பண்டங்களையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கும் நாம், கொசு விரட்டியை மட்டும் கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கிப் பையில் போடுகிறோம். விலையையும் மணத்தையும் பார்த்து வாங்கினால் போதுமா? எந்தக் கொசு எந்த நேரத்தில் கடிக்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டாமா?

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையிலும், மாலையில் பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் தொல்லை மிகுதி. ஆகவே, இரவில் கட்டும் கொசுவலை மட்டும் டிங்கியைத் தடுத்துவிடாது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவோ பொழுது சாய்ந்த பின்னரே மிகுதியாகக் கடிக்கும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் உள்நாட்டில் பரவவில்லை. ஆயினும், குரங்குகளிடமிருந்து கொசுவின் வழியாக மனிதருக்குத் தொற்றும் 'நோலெசி' மலேரியா காட்டோரங்களில் இன்னும் உள்ளது. எனவே, பகலுக்கு ஒரு காப்பும் இரவுக்கு ஒரு காப்பும் தேவை.

பகலில் முதல் காப்பு உடைதான். வெளிர்நிறத்தில், உடலோடு ஒட்டாத நீள்கைச் சட்டையும் நீள்காற்சட்டையும் காலுறையும் அணிவது நலம். உடலை இறுகப் பிடிக்கும் மெல்லிய துணியைத் துளைத்துக் கொசு கடித்துவிடும்.

உடை மறைக்காத இடங்களில் விரட்டியைப் பூச வேண்டும். வாங்கும்போது புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 'டீட்' எனும் மருந்து 10 விழுக்காடு இருந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரமும், 30 விழுக்காடு இருந்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரமும் பயன் தரும். சிறுவர்களுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்டது வேண்டாம். முகத்தில் நேரடியாகத் தெளிக்காமல், பெரியவர் தம் உள்ளங்கையில் எடுத்துப் பூசிவிட வேண்டும். கண், வாய், காயம் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். வெயில் காப்புக் களிம்பு பூசுவதாயின் அதை முதலில் பூசி, விரட்டியைப் பின்னர்ப் பூசுக. அருவியில் குளித்தபின் மீண்டும் பூச மறவாதீர். கையில் கட்டும் கொசு விரட்டி வளையத்தை மட்டும் நம்பினால் கழுத்தையும் காலையும் யார் காப்பது?

இரவில் கிழிசலில்லாத கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிட வேண்டும். கூடாரத்துக்குள் கொசுவத்திச் சுருளைக் கொளுத்துதல் கூடாது. புகை மூச்சுக்குக் கேடு, நெருப்போ கூடாரத்தையே பற்றிக்கொள்ளும்.

முகாமிலிருந்து திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், வீட்டிலேயே மருந்து கொடுத்துக் காத்திருக்கலாகாது. உடனே மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். எங்கு முகாமிட்டோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு செய்தி, நோயை விரைந்து கண்டறிய அவருக்குத் துணைபுரியும்.