ராசி இல்லை என்று படுத்திருக்கும் பாப்பாவுக்கு

பாப்பிரெட்டிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. உங்கம்மா போனில் விவரமெல்லாம் சொன்னார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியப் பரீட்சை இந்த முறையும் கொஞ்சம் மார்க்கில் கைநழுவிவிட்டது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட்டதை நீ வேண்டாம் என்கிறாய். "எனக்கு ராசியே இல்லை" என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை உன் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்ட ஜோசியரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்கள்.

ஜோசியரை நான் குறை சொல்லப்போவதில்லை. அண்ணியோடு வாதாடும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. ஆனால் ஒன்று. பெயரை மாற்றினால் அரசிதழில் வெளியாகும்வரை காத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு பெயரிலும் நர்சிங் கவுன்சில் பதிவு இன்னொரு பெயரிலும் கிடந்தால், சான்றிதழ் சரிபார்க்கிற மேஜைக்கு முன்னால் நின்று பதில் சொல்லப்போவது நீதான். இருக்கிற அலைச்சல் போதாதா கண்ணு?

ராசி, அதிர்ஷ்டம் எதுவுமே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். உண்டு. நீ பிறந்த சமயத்தை நினைத்துப் பார். பெண் பிறந்தால் வீட்டில் முகம் கறுக்கும் காலம். முகம் கறுத்ததோடு நிற்காத வீடுகளும் நம் ஜில்லாவில் இருந்தன. 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் வர வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். அந்த நேரத்தில் உன்னைப் பெற்று, பெயர் வைத்து, நர்சிங் வரை படிக்க வைத்த வீட்டில் நீ பிறந்தாய். அது நீ உழைத்துச் சம்பாதித்தது இல்லை. எனவே, நம்பிக்கையோடு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களைப் போல நான் பேசமாட்டேன். பிறக்கும் இடம், மழை, பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை, பரீட்சைக்கு வரும் கேள்வி, இதெல்லாம் நம் கையில் இல்லை. மிச்சம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இத்தனை வருஷம் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன் வேறு எங்கே போவேன்? கிரிக்கெட்டுக்குத்தான் வருவேன். நீயும் டி.வி.யில் பார்த்தவள்தான், ஆனால் முழுக்கதையும் உனக்குத் தெரியுமா என்று சந்தேகம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொல்கிறேன். 1965இல் பிரிக்கும்வரை நாமும் சேலம் ஜில்லாக்காரர்கள்தான், அந்த உரிமையில் அவனை நம்ம பையன் என்றே சொல்வேன். அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். இருபது வயதுவரை பையன் போட்டதெல்லாம் டென்னிஸ் பந்துதான். ஜெயப்பிரகாஷ் என்ற அதே ஊர்க்காரர் அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போய் லீக் ஆட்டங்களில் சேர்த்துவிட்டார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம். இதுவரை எல்லாம் ஏறுமுகம்.

அந்த ஆட்டத்தோடு அடி விழுந்தது. பந்தை எறிகிறான் என்று சந்தேகம் கிளம்பி, அவன் கை மடங்குவதைப் பற்றிப் புகார் போயிற்று. ஒரு பந்துவீச்சாளனுக்கு இதைவிடப் பெரிய தலைக்குனிவு கிடையாது. "எனக்கு ராசி இல்லை" என்று ஊர் திரும்ப அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் சென்னையிலேயே இருந்தான். பயிற்சியாளர்கள் சொன்னபடி, சிறு வயதிலிருந்து உடம்பில் ஊறிப்போன வீச்சைக் கலைத்துவிட்டு மறுபடியும் கட்டினான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. எட்டாவது படிக்கிற பையனுக்கு ஓடிவரும் அடியை மாற்றச் சொன்னாலே ஒரு வாரம் பந்து எங்கெங்கோ போகும், பையன் அழுதுவிடுவான். வயிற்றுப்பாட்டுக்கு அதை நம்பியிருப்பவன் கையையே மாற்றுவதென்றால்!

விடாமுயற்சி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் பெரும்பாலோர் செய்வது அதே தப்பை அதே மாதிரி திரும்பச் செய்வது. நீயும் அதைத்தான் செய்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதே. போன தடவை பரீட்சைக்கு எந்தப் புத்தகத்தை எத்தனை மணிக்கு எழுந்து படித்தாயோ, இந்தத் தடவையும் அதே புத்தகம், அதே நேரம். விடைக்குறிப்பை எடுத்து வைத்து, எந்தப் பாடத்தில் மார்க் போனது என்று ஒரு நாளாவது கணக்குப் பார்த்தாயா? மகப்பேறா, மருந்தளவுக் கணக்கா, சமூக நலமா? அது தெரியாமல் இன்னும் பத்து தடவை எழுதினாலும் ராசிமேல்தான் பழி போடுவாய்.

கதைக்கு வருகிறேன். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பித்தது. திண்டுக்கல் அணிக்கு ஆடிய நடராஜனின் யார்க்கர்களை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வருஷ ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சத்தில் ஆரம்பித்த பெயர் 3 கோடியில் நின்றது. அதிர்ஷ்டம் அடித்தது என்று ஊரே கொண்டாடியது. அந்தச் சீசனில் பஞ்சாப் அணிக்கு ஆறு ஆட்டத்தில் இரண்டே விக்கெட். மறு வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது, 2018இலும் 2019இலும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. இரண்டு முழுச் சீசன் பெஞ்சில். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிதாக எதுவும் வரவில்லை. எனக்கு அந்த இரண்டு வருஷம்தான் முக்கியம். வலைப்பயிற்சியில் தினம் நல்ல மட்டையாளர்களுக்குப் பந்து போட்டுக்கொண்டே இருந்தவனுக்கு 2020இல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட். டிவில்லியர்ஸின் நடு ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரை நீயே எனக்கு போனில் அனுப்பியிருந்தாய்.

இனிமேல்தான் நீ கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி. அந்த வருஷம் இந்திய அணி ஆஸ்திரேலியா போனபோது நடராஜன் பெயர் அணியில் இல்லை. வலையில் பந்து போடுவதற்கென்று நான்கு பையன்களைச் சேர்த்துக்கொண்டார்கள், அதில் ஒருவன். அதாவது மற்றவர்கள் ஆட, இவன் பயிற்சிக்குப் பந்து போட வேண்டும். ஐ.பி.எல்.லில் அவ்வளவு போட்ட பிறகு "நான் நெட் பவுலரா?" என்று கேட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போதுதான் மகள் வேறு பிறந்திருக்கிறாள், முகம்கூடப் பார்க்கவில்லை. போனான்.

வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், டி20 அணியில் இடம் கிடைத்தது. சைனிக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஒரு நாள் அணியிலும் பெயர் சேர்ந்தது. டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் முதல் ஒரு நாள் ஆட்டம், 4ஆம் தேதி அங்கேயே முதல் டி20. அந்தத் தொடர் முடிந்ததும் வந்த வேலை முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பவில்லை, டெஸ்டுக்கும் வலைப் பந்துவீச்சாளனாகவே தங்கினான். அப்புறம் வரிசையாக விழுந்தார்கள்: ஷமிக்குக் கை எலும்பு முறிவு, உமேஷுக்குக் கெண்டைக்கால், ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், பும்ராவுக்கு அடிவயிறு, அஸ்வினுக்கு முதுகு. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் கப்பா மைதானத்தில் டெஸ்ட் தொப்பி வாங்கினான். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியன் அவன். கூடவே அன்றைக்குத் தொப்பி வாங்கிய இன்னொரு தமிழன் வாஷிங்டன் சுந்தரும் வலையில் பந்து போடுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டவன்தான். அந்த டெஸ்டையும் தொடரையும் இந்தியா ஜெயித்தது.

அத்தனை பேர் காயப்பட்டது நடராஜன் செய்ததில்லை. அது சுத்தமான அதிர்ஷ்டம். ஆனால் அது சின்னப்பம்பட்டியில் போய் அவனைத் தேடவில்லை. அந்த நேரம் பிரிஸ்பேனில், உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டு, மூன்றாந்தர வேலை என்று முகம் சுளிக்காமல் நின்றவனுக்குக் கிடைத்தது.

உடனே கேட்பாய், அவனைப் போலவே உழைத்து ஒன்றும் கிடைக்காதவர்கள் இல்லையா என்று. நிறைய உண்டு. என்னிடமே விளையாடிய பையன்கள் இருக்கிறார்கள். இடது கையில் நடராஜனுக்குக் குறைவில்லாத வேகம், இன்றைக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. அவர்களைச் சென்னைக்குக் கூட்டிப்போக ஒரு ஜெயப்பிரகாஷ் இல்லை. நடராஜனுக்கும் அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. சில மாதத்திலேயே முழங்காலில் அறுவை சிகிச்சை, இன்றுவரை அந்த ஒரே டெஸ்ட்தான். இருந்தாலும் 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட், அடுத்த ஏலத்தில் டெல்லி 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. சின்னப்பம்பட்டியிலேயே சொந்த மைதானம் ஒன்றையும் 2023இல் திறந்திருக்கிறான். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம், யோசித்துப் பார்.

நல்ல மனநிலை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கண்ணாடி முன் நின்று சிரித்துக்கொள்வது என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல் பேராசிரியர், தங்களை அதிர்ஷ்டசாலி என்று சொல்பவர்களையும் துரதிர்ஷ்டசாலி என்று சொல்பவர்களையும் கூப்பிட்டு ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னார். இரண்டாவது பக்கத்திலேயே பாதிப் பக்கத்துக்குக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: எண்ணுவதை நிறுத்துங்கள், மொத்தம் 43 படங்கள். அதிர்ஷ்டசாலிகள் அதைப் பார்த்துச் சில விநாடியில் எழுந்துவிட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை படம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதற்றத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தேடுவது மட்டும்தான் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது என்பது அவர் கண்டது. நீ இப்போது படம் எண்ணிக்கொண்டிருக்கிறாய் பாப்பா. அரசு வேலை என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டேன் என்கிறாய்.

சேலத்து வேலை உனக்கு எப்படி வந்தது என்று உங்கம்மாவிடம் கேட்டேன். கூடப் படித்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போனாய், அங்கே உன் சீனியர் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாய், அவள் தன் பிரிவில் ஆள் தேவை என்று உன் பெயரைச் சொன்னாள். அன்றைக்கும் கதவைச் சாத்திப் படுத்திருந்தால் அந்தச் சேதி உன்னைத் தேடி வந்திருக்குமா? உன்னைப் பார்த்தால் இவள் வேலை செய்வாள் என்று அந்தச் சீனியருக்குத் தோன்றியிருக்கிறது பார், அதுதான் நான் மனநிலை என்று சொல்வது.

அரூர் பக்கம் சித்தேரி மலைக்கும் கல்ராயன் மலைக்கும் நடுவே இருக்கிற சிட்லிங்கியைத் தெரியுமல்லவா? ரெஜி, லலிதா என்ற இரண்டு டாக்டர்கள் 1993இல் அங்கே வந்து ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு முன் பிரசவம் சிக்கலானால் மலைவாசிகள் அரூர்வரை போக வேண்டும், வழியில் பிழைத்தால் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் பிழைத்த குழந்தைகளை அதிர்ஷ்டக் குழந்தைகள் என்றே நான் சொல்வேன். யாரோ வந்து தங்கியதால் வந்த அதிர்ஷ்டம் அது. அந்த டாக்டர்கள் உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்சுகளாகவும் ஊர்களில் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். பெரிய படிப்பெல்லாம் இல்லாத பெண்கள். உன் கையில் பி.எஸ்ஸி. நர்சிங் இருக்கிறது.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு வருஷம் நின்றால் அந்த இயந்திரம் உன் கைக்கு வந்துவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கிற வேகத்தில், அந்த வேலை தெரிந்த நர்சை எந்த ஊரிலும் தேடுவார்கள். இரவு ஷிப்ட் கஷ்டம்தான், மறுக்கவில்லை. சம்பளமும் குறைவுதான். அடுத்த பரீட்சைக்கும் எழுது. அதற்கு வயது வரம்பு ஒன்று இருக்கிறது, எத்தனை தடவை என்பதை இப்போதே நீயும் அண்ணனும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவில்லாமல் காத்திருப்பதை நான் விடாமுயற்சியில் சேர்க்கமாட்டேன்.

புதன்கிழமைக்குள் அந்தச் சீனியருக்குப் போன் போட்டு, இடம் இன்னும் இருக்கிறதா என்று கேள். போயிருந்தால் வேறு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவளிடமே கேள், கூச்சப்படாதே. ஹாஸ்டல் முன்பணம் பற்றி அண்ணன் தயங்குகிறார் என்று தெரிந்தது. நான் அனுப்புகிறேன். இனாம் இல்லை, கடன். முதல் சம்பளத்திலிருந்து மாசம் ஆயிரமாகக் கழித்துக்கொள்வேன்.

அன்புடன்,
சித்தப்பா